நான்கு வருடமா, ஆறு வருடமா? பார்மசி சேரும் முன் போட வேண்டிய கணக்கு

நீட் ரிசல்ட் வந்து, "எம்.பி.பி.எஸ். இந்த வருஷம் இல்லை" என்று உறுதியான பிறகுதான் பல வீடுகளில் பார்மசி என்ற பேச்சே எழுகிறது. நர்சிங், பிசியோதெரபி, பார்மசி மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, "பார்மசின்னா ஈஸியா வெளிநாடு போகலாமாமே" என்று யாரோ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடுவதும் நடக்கிறது. பார்மசி எடுப்பது தவறில்லை. எடுக்கிற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் கல்லூரி, பிறகு கோர்ஸ், அது முடியும் சமயத்தில் நாடு, அந்த நாட்டுக்குப் போய் இறங்கிய பிறகு லைசென்ஸ். இப்படிப் போகிறவர்களுக்குக் கடைசிப் படியில் ஏறிய பிறகுதான் கதவு பூட்டியிருப்பது தெரிகிறது.

ஆவடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா எச்.வி.எஃப். என்று ஊரே சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலையில் இருக்கிறார். ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருடம். 1961இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையும், அதை ஒட்டிய என்ஜின் தொழிற்சாலையும், படை உடைத் தொழிற்சாலையும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்திருக்கின்றன. 2021 அக்டோபரில் அவை வாரியத்தின் கையிலிருந்து தனித்தனி அரசு நிறுவனங்களாக மாறிய பிறகு, "என் பிள்ளையும் இங்கேயே" என்று கனவு காண்கிற அப்பாக்கள் குறைந்துவிட்டார்கள். இப்போதைய கனவுக்கு விமான டிக்கெட் தேவைப்படுகிறது. மகள் பிளஸ் டூவில் பயாலஜி குரூப், நல்ல மார்க். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைக்கிறது. ஒன்றில் பி.பார்ம்., நான்கு வருடம். இன்னொன்றில் பார்ம்.டி., ஆறு வருடம்.

"ஆறு வருஷம் எதுக்கும்மா? அதுக்குள்ள நானே ரிட்டையர் ஆயிடுவேன். நாலு வருஷத்துல முடிச்சுட்டு அமெரிக்கா போயிடேன்."

"கன்சல்டன்சியிலயும் அதைத்தாம்ப்பா சொன்னாங்க. பி.பார்ம். போதுமாம்."

இந்த இரண்டு வரிப் பேச்சுக்குள் ஒரு குடும்பத்தின் பி.எஃப். பணம் முழுக்க இருக்கிறது. கன்சல்டன்சி சொன்னது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. அமெரிக்காவுக்கு 'போக' பி.பார்ம். போதும். அமெரிக்காவில் 'பார்மசிஸ்ட் ஆக' போதாது.

2003இல் மூடிய கதவு

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி பார்மசி போர்டு உண்டு. அவற்றுக்கெல்லாம் பொதுவான அமைப்பு, சுருக்கமாக என்.ஏ.பி.பி. வெளிநாட்டில் பார்மசி படித்துவிட்டு அங்கே லைசென்ஸ் கேட்பவர்களின் படிப்பை எடை போட்டு, தேர்வு வைத்து, சான்றிதழ் தருவது இதன் வேலை. அந்தத் தேர்வின் பெயர் எஃப்.பி.ஜி.இ.இ. இந்தத் தேர்வை எழுதவே ஒரு தகுதி வேண்டும். 2003 ஜனவரி 1க்கு முன் பட்டம் வாங்கியவர் என்றால் நான்கு வருடப் படிப்பு போதும். அதற்குப் பிறகு வாங்கியவர் என்றால் குறைந்தது ஐந்து வருடப் பார்மசி படிப்பு. அமெரிக்கா தன் கல்லூரிகளில் பழைய பி.எஸ். பட்டத்தைக் கைவிட்டு பார்ம்.டி.யை நுழைவுப் பட்டமாக்கியதை ஒட்டி வந்த விதி இது.

இந்தியாவின் பி.பார்ம். நான்கு வருடம். ஆக, இன்று பி.பார்ம். முடிக்கும் ஒருவர் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. "மேலே இரண்டு வருஷம் எம்.பார்ம். படிச்சா ஆறு வருஷம் ஆயிடுச்சே" என்று கூட்டிக் காட்டினாலும் எடுபடாது. அவர்கள் பார்ப்பது பார்மசிஸ்ட் ஆவதற்கான முதல் தொழிற்பட்டத்தின் காலம். மேற்படிப்பின் காலம் அல்ல. இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிற விதி. ஆனாலும், "எங்க மாமா பி.பார்ம்.தான், நியூஜெர்சியில பார்மசிஸ்ட்டா இருக்கார்" என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. மாமா பெரும்பாலும் 2003க்கு முன்னால் பட்டம் வாங்கியவராக இருப்பார். அவர் சொல்வது அவருக்கு உண்மை.

இந்தியாவில் பார்ம்.டி. வந்ததே 2008இல்தான். இந்தியப் பார்மசி கவுன்சில் கொண்டுவந்த ஆறு வருடப் படிப்பு. ஐந்து வருடம் வகுப்பும் வார்டும், கடைசி ஒரு வருடம் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூ முடித்தவர்களும், டி.பார்ம். முடித்தவர்களும் நேரே சேரலாம். பி.பார்ம். முடித்தவர்களுக்கு மூன்று வருடத்தில் முடிக்கும் தனி வழியும் உண்டு. அமெரிக்க லைசென்ஸை மனதில் வைத்து அந்த மூன்று வருட வழியில் போக நினைப்பவர்கள், ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே என்.ஏ.பி.பி.க்கு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. கல்லூரி ஆபீசில் சொல்லும் வாய்வார்த்தைக்கு அந்த ஊரில் மதிப்பில்லை.

ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தேர்வில் பாஸாகிச் சான்றிதழ் வாங்கினாலும் அது விசா அல்ல. அதற்குப் பிறகு ஏதாவது ஒரு மாநிலத்தில் இன்டர்னாக வேலை பார்த்து மணிக்கணக்கை நிரப்ப வேண்டும். பிறகு நேப்ளெக்ஸ் என்ற தேசியத் தேர்வு. பிறகு சட்டத் தேர்வு. இவ்வளவுக்கும் அந்த நாட்டில் சட்டப்படி இருக்கவும் வேலை செய்யவும் அனுமதி வேண்டும். அந்த வழியை முதலில் கண்டுபிடித்தவருக்குத்தான் சான்றிதழால் பயன். வெறும் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆவடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஃபிரேம் போட்டு மாட்ட உதவும். ஆங்கிலத் தேர்வும் லேசில்லை. டோஃபலில் பேச்சுப் பகுதிக்கு மட்டும் 30க்கு 26 கேட்டே பழகிய அமைப்பு அது. மருந்தாளுநர் கவுன்டரில் நின்று நோயாளியிடம் பேச வேண்டியவர் என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயம்தான்.

மருந்துக் கடையா, மருந்துக் கம்பெனியா?

குழப்பத்தின் வேர் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. பார்மசி படித்தவர்கள் எல்லோரும் பார்மசிஸ்ட் ஆவதில்லை; ஆக வேண்டிய அவசியமும் இல்லை. லைசென்ஸ் வாங்கி, மருத்துவமனையிலோ கடையிலோ நோயாளிக்கு மருந்து கொடுத்து, அளவைச் சரிபார்த்து, டாக்டரிடம் "இந்த இரண்டு மருந்தும் சேராது" என்று சொல்வது ஒரு பாதை. மருந்தை உருவாக்குவது, சோதிப்பது, மாத்திரையின் தரத்தைப் பார்ப்பது, அரசு அனுமதிக்கான ஆவணங்களைத் தயாரிப்பது, பக்கவிளைவுத் தகவல்களைத் தொகுப்பது எல்லாம் இன்னொரு பாதை. முதல் பாதைக்கு லைசென்ஸ் இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. இரண்டாவதற்கு லைசென்ஸே தேவையில்லை. பட்டமும் திறமையும் போதும்.

பி.பார்ம். முடித்துவிட்டு அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது பாதைதான் இயல்பான பாதை. அங்கே எம்.எஸ். இன் பார்மசூட்டிகல் சயின்சஸ், ரெகுலேட்டரி அஃபேர்ஸ் போன்ற படிப்புகளில் சேர்கிறார்கள். ஆராய்ச்சியில் நிஜமான ஆர்வம் இருந்தால் பிஎச்.டி.க்கு நேரே விண்ணப்பிக்கலாம். நல்ல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. மாணவருக்கு ஃபீஸைத் தள்ளுபடி செய்து மாதச் செலவுக்கும் பணம் தருகின்றன. அப்பாவின் பி.எஃப்.பைத் தொடாமல் அமெரிக்காவில் படிக்கிற வழி என்றால் பெரும்பாலும் இதுதான். ஐந்து வருடம் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டும் பொறுமை வேண்டும் என்பது தனிக் கதை.

விசா விதியும் இந்த இரண்டு பாதைகளை இரண்டு விதமாகப் பார்க்கிறது. இது பலர் கண்ணில் படாத இடம். மாணவர் விசாவில் படித்து முடித்தவர் அங்கேயே 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் இன்னும் 24 மாதம் கூடுதலாகக் கிடைக்கும். ஆக மூன்று வருடம். பார்மசூட்டிகல் சயின்சஸ், பார்மசூட்டிக்ஸ், மெடிசினல் கெமிஸ்ட்ரி போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பார்மசிஸ்ட் ஆவதற்கான பார்ம்.டி. அதில் இல்லை. ஒன்றரைக் கோடி செலவழித்து பார்ம்.டி. முடித்தவருக்கு ஒரு வருடம். அதில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து எம்.எஸ். முடித்தவருக்கு மூன்று வருடம். எச்1பி குலுக்கலில் பெயர் வர மூன்று வாய்ப்பு இருப்பதற்கும் ஒரு வாய்ப்பு இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அங்கே பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொல்வார்கள். எச்1பி வருடத்துக்கு 85,000 மட்டுமே. பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கில்லா மருத்துவமனைகளும் அந்த எண்ணிக்கைக்குள் வராது. 2025 செப்டம்பரில், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய எச்1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்ற உத்தரவும் வந்தது. "படிச்சுட்டு ஊருக்கு வந்துட்டு, அப்புறம் வேலை தேடிப் போகலாம்" என்ற யோசனைக்கு அது பெரிய பூட்டு.

ஒன்றரைக் கோடி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அமெரிக்க பார்ம்.டி. நான்கு வருடம், அதற்கு முன் கல்லூரியில் சுமார் இரண்டு வருட அடிப்படைப் பாடங்கள். ஆண்டுக் கட்டணம் 40,000 டாலர் என்று வைத்து, டாலரை 90 ரூபாய் என்று கொண்டால், நான்கு வருடக் கட்டணம் மட்டும் 1 கோடியே 44 லட்சம். சாப்பாடு, வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. அமெரிக்க மாணவர்களுக்குக் கிடைக்கும் மத்திய அரசுக் கடன் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது.

சீட் கிடைப்பது அங்கே கஷ்டமில்லை. எச்சரிக்கை தேவைப்படுவதே அதனால்தான். 2000 வாக்கில் சுமார் 80 ஆக இருந்த பார்மசி கல்லூரிகள் 140ஐத் தாண்டிவிட்டன. அந்த ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பமோ குறைந்துகொண்டே போகிறது. பார்மசிக்கென்றே இருந்த பிகேட் நுழைவுத் தேர்வை 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். நாற்காலியை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் கல்லூரி, வெளிநாட்டு மாணவரை இருகரம் நீட்டி வரவேற்கும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கட்டடத்தின் போட்டோவை விட்டுவிட்டு, அந்தக் கல்லூரி மாணவர்கள் நேப்ளெக்ஸில் முதல் முயற்சியில் எத்தனை சதவீதம் பாஸாகிறார்கள் என்று பார்க்க வேண்டும். என்.ஏ.பி.பி.யே கல்லூரிவாரியாக அதை வெளியிடுகிறது. ஏ.சி.பி.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் அதே போல ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடிய விஷயம்.

சம்பளம்? லைசென்ஸ் வாங்கிய பார்மசிஸ்ட்டுக்கு அங்கே நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 1.3 லட்சம் டாலருக்கு மேல். அது உண்மை. ரைட் எய்ட் என்ற பெரிய மருந்துக்கடைத் தொடர் 2025இல் மொத்தமாகக் கடையைக் கட்டியதும், வால்கிரீன்ஸ் 1,200 கடைகளை மூடப்போவதாக 2024இல் அறிவித்ததும் அதே அளவுக்கு உண்மை. கடை வேலை சுருங்குகிறது. மருத்துவமனை வேலைக்குப் போட்டி கூடுகிறது.

அமெரிக்கா மட்டுமா வெளிநாடு?

நான்கு வருடப் பி.பார்ம். வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அமெரிக்கா மூடிய கதவை வேறு நாடுகள் மூடவில்லை.

கனடாவில் பி.இ.பி.சி. என்ற தேர்வு வாரியம் நான்கு வருடப் பட்டத்தை ஏற்கிறது. முதலில் சான்றிதழ் பரிசீலனை, பிறகு மதிப்பீட்டுத் தேர்வு, பிறகு இரண்டு பகுதிகள் கொண்ட தகுதித் தேர்வு. அதன் இரண்டாம் பகுதியில் நடிகர்கள் நோயாளியாக வந்து உட்காருவார்கள். அவர்களிடம் பேசி ஆலோசனை சொல்ல வேண்டும். மனப்பாடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அது முடிந்தாலும் எந்த மாகாணத்தில் வேலையோ அங்கே பயிற்சியும் சட்டத் தேர்வும் இருக்கின்றன. இதில் பல படிகளை ஊரில் வேலை பார்த்துக்கொண்டே, சம்பளப் பணத்திலேயே தொடங்கலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் இல்லை.

பிரிட்டனில் ஓ.எஸ்.பி.ஏ.பி. என்ற ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. வெளிநாட்டுப் பார்மசிஸ்ட்டுகளுக்கென்றே சில பல்கலைக்கழகங்கள் மட்டும் நடத்துவது. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் நான்கு பகுதியிலும் 7 கேட்பார்கள். படிப்புக்குப் பிறகு 52 வாரப் பயிற்சி, அதற்குப் பிறகு பதிவுத் தேர்வு. அந்தத் தேர்வுக்கு மூன்றே முயற்சிதான். 2026 முதல் அங்கே புதிதாகப் பதிவாகும் பார்மசிஸ்ட் தானே மருந்து எழுதிக் கொடுக்கும் தகுதியோடு வெளியே வருகிறார். அந்தத் தொழிலின் மரியாதை எங்கே போகிறது என்பதற்கு இது அடையாளம். ஆனால் பிரிட்டனில் எந்த எம்.எஸ்சி.யாவது படித்தால் பார்மசிஸ்ட் ஆகிவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எம்.எஸ்சி. வேறு, ஓ.எஸ்.பி.ஏ.பி. வேறு. பட்டதாரிகள் படிப்புக்குப் பின் இரண்டு வருடம் தங்கலாம் என்றிருந்த விசாவும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது.

ஆஸ்திரேலியாவில் கேப்ஸ் என்றிருந்த தேர்வு 2025இல் ஓப்ரா என்று மாறியிருக்கிறது. பழைய புத்தகத்தை வைத்துக் கோச்சிங் நடத்துபவர்களிடம் இதை முதலில் கேட்டுப் பார்க்கலாம். வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, கம்ப்யூட்டரில் எழுதும் லைசென்ஸ் தேர்வு, கொஞ்சம் அனுபவம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுச் சூழ்நிலை என்றால் அது இன்றும் நடக்கும் வழி. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபீஸ் இல்லை என்பது உண்மையே; பார்மசிஸ்ட் லைசென்ஸுக்கு ஜெர்மன் மொழியில் தொழில்முறைத் தேர்வே எழுத வேண்டும் என்பதும் உண்மை. மொழியைப் பிளஸ் டூவிலிருந்தே படிக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும் அது பொருந்தும்.

பிளஸ் டூ முடிந்ததும் நேரே வெளிநாட்டில் பார்மசி சேர்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பணமும் அந்த நாட்டிலேயே இருந்துவிடும் உறுதியும் இருந்தால் தடையில்லை. ஆனால் பாட்டி உடம்புக்கு முடியவில்லை, கல்யாணம், விசா மறுப்பு என்று ஏதாவது ஒன்றில் திரும்பி வந்தால்? இந்தியாவில் பார்மசிஸ்ட்டாகப் பதிவு செய்ய, 1948ஆம் வருடப் பார்மசி சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அந்த வெளிநாட்டுப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் பிள்ளையை வெளிநாடு அனுப்புவதில்லை. பார்மசிக்கு மட்டும் ஏனோ யாரும் கேட்பதில்லை.

ஆவடியிலிருந்து எந்தக் கல்லூரி?

மின்சார ரயிலில் ஏறி சென்ட்ரலில் மூர் மார்க்கெட் பக்கம் இறங்கி, சாலையைக் கடந்தால் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே அரசு பி.பார்ம். இருக்கிறது. கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. அதோடு இணைந்தது தமிழ்நாட்டின் மிகப் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்று. பி.பார்ம்.தான் என்று முடிவு செய்துவிட்ட ஆவடிப் பிள்ளைக்கு இந்த இடத்தைவிட வேறு எதையும் முதல் விருப்பமாக எழுதக் காரணமில்லை. கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம், நீட் வேண்டாம்.

பார்ம்.டி. என்றால் கல்லூரியைப் பார்க்கவே வேண்டாம், மருத்துவமனையைப் பாருங்கள். பார்ம்.டி. நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 300 படுக்கை மருத்துவமனை சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ இருக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் எல்லாக் கல்லூரிக்கும் அது இருக்கும். மூன்றாம், நான்காம் வருட மாணவர்களிடம் போய், "வாரத்தில் எத்தனை நாள் வார்டுக்குப் போகிறீர்கள்? டாக்டர் ரவுண்ட்ஸில் உங்களைப் பேச விடுகிறார்களா? மருத்துவமனைக்குக் காலேஜ் பஸ்ஸில் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவத்திலும், மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதமும் போட வேண்டும். போரூர் ஸ்ரீராமச்சந்திரா போல வளாகத்துக்குள்ளேயே பெரிய மருத்துவமனை இருக்கும் இடங்களுக்கு இதில் இயல்பான சௌகரியம். பூந்தமல்லி, ஆவடி பக்கத்திலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரமும்கூட. ஃபீஸ் அதற்கேற்ப இருக்கும். எந்தக் கல்லூரியானாலும், பார்மசி கவுன்சில் இணையதளத்தில் இந்த வருடத்து அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பி.பார்ம்.முக்கு இருக்கும், பார்ம்.டி.க்கு இருக்காது. அப்படியும் நடக்கும்.

வெளிநாடே போகாவிட்டால் பார்ம்.டி.க்கு இங்கே என்ன மதிப்பு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆறு வருடம் படித்து, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு ஆரம்பச் சம்பளம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்ற பதவியைப் பெரிய தனியார் மருத்துவமனைகள் தவிர மற்றவை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பலர் மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் கம்பெனிகளுக்கோ, மருந்துச் சோதனைத் துறைக்கோ போகிறார்கள். அங்கே சில வருடத்தில் நிலை மாறுகிறது. பி.பார்ம். முடித்தவருக்கு இங்கே வழிகள் அகலம். மருந்து ஆய்வாளர் தேர்வு எழுதலாம். ஜிபேட் எழுதி எம்.பார்ம். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் போலச் சொந்தக் கடைக்கான திட்டமும் இருக்கிறது. எதுவுமே செய்யாமல் சர்ட்டிபிகேட்டை மட்டும் யாரோ ஒருவரின் மருந்துக்கடைக்கு வாடகைக்கு விட்டு மாதாமாதம் காசு வாங்குகிற வழியும் ஊருக்கு ஊர் நடக்கிறது. அந்தக் கடையில் தவறான மருந்து கொடுத்து ஏதாவது ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் பெயருக்குத்தான் முதலில் நோட்டீஸ் வரும்.

கடன் பற்றிக் கொஞ்சம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். ஆவடி, திருநின்றவூர் பக்கம் அது எப்போதும் அப்பா கட்டிய ஒரே வீடாக இருக்கும். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அதே குரலில் சொல்ல மாட்டார்கள். கன்சல்டன்சிக்குப் பெரும்பாலும் மாணவரிடம் ஃபீஸ் இல்லை. பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. எந்தப் பல்கலைக்கழகம் தருகிறதோ அந்தப் பெயர்தான் அவர்கள் பட்டியலில் மேலே இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அவர்களும் உதவியே.

அந்த எச்.வி.எஃப். அப்பாவின் மகளுக்கு ஆய்வகமும் ஆராய்ச்சியும்தான் பிடிக்கும் என்றால் அப்பா சொன்ன நான்கு வருடமே சரி. கனடாவில் கவுன்டரில் நிற்க ஆசை என்றாலும் அதுவே போதும். வார்டில் நோயாளிகளோடு இருக்கத்தான் விருப்பம், அமெரிக்காவின் கதவும் திறந்திருக்க வேண்டும் என்றால் ஆறு வருடம். இந்தக் கேள்வியைக் கலந்தாய்வுக்கு முந்தின வாரம் கேட்டால் செலவில்லை. ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அடமானம் வரை போகும்.

இன்னொரு சின்ன வேலை, இப்போதே செய்துவிடக்கூடியது. வெளிநாட்டு அமைப்புகள் மார்க் ஷீட், பட்டம், பதிவுச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே பெயரை எதிர்பார்க்கும். இங்கேயோ பத்தாம் வகுப்பில் 'எஸ். கவிதா', கல்லூரியில் 'கவிதா எஸ்.', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகச் சேர்ந்து இன்னொரு விதம். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட் என்றால் கணவர் பெயரும் வந்து சேர்ந்திருக்கும். எல்லாம் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் போட்டு, கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் பார்மசி கவுன்சிலுக்கும் நடையாய் நடக்கிறவர்கள் ஏராளம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதிவிட்டால் போதும்.